வெள்ளுடுப்பு

யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து அரங்கேறுவதற்குச் சில நாள் முன்பு ஓர் இரவு வரும். அன்றைக்கு முடியும் மணியும் பூணுவார் இல்லை. அரசன் வெள்ளை வேட்டியோடு கொலுவில் அமர்வான். அவனுடைய வாளுக்குத் தலைகொடுக்கப் போகும் வேதசாட்சியும் அதே வெள்ளை வேட்டியில்தான் நிற்பார். மத்தளம் அடிபடும், தாளம் விழும், தொடக்கம் முதல் மங்களம் வரை முழுக் கூத்தும் ஆடப்படும். இதற்கு வெள்ளுடுப்பு என்று பெயர். கூடியிருந்து பார்க்கிறவர்களுக்கு அன்று ஒரு வேலை உண்டு. எங்கே பாட்டு இழுபடுகிறது, எங்கே சொல் விளங்காமல் போகிறது, எந்தக் கட்டத்தில் கண் சொக்குகிறது என்று பார்த்துச் சொல்லவேண்டும். சொல்வதற்கு அதுதான் கடைசித் தவணை. அதற்குப் பிறகு அரங்கேற்றம்.

இலங்கைப் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர் வழிகாட்டி நூல்களில் இப்போது ‘சகபாடி மதிப்பீடு’ என்றொரு சொல் அடிபடுகிறது. ஒரு மாணவி எழுதிய கட்டுரையைப் பக்கத்து மேசையில் இருப்பவள் வாசித்து, இது நன்றாயிருக்கிறது, இதை இப்படி மாற்றலாம் என்று சொல்லவேண்டும். மேல்நாட்டுக் கல்வியியலோடு வந்திறங்கிய புதுமுறை என்று பலரும் இதை நினைக்கிறார்கள். கரையோர ஊர்களின் கூத்துப் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. எழுதி முடிக்காத ஒன்றை, எழுதியவருக்குச் சமமானவர்கள் கூடியிருந்து திருத்துகிற பழக்கம் அங்கே பள்ளிக்கூடத்துக்கு வெளியில், கடற்கரை மணலில் வளர்ந்தது.

குருநகர் யாழ்ப்பாண நகரத்தின் தென்கரையில், பரவைக்கடலை ஒட்டி இருக்கிற ஊர். பழைய பெயர் கரையூர். கிழக்கே பாஷையூர், மேற்கே நகரமும் கோட்டையும். மீன்பிடியும் வலைத்தொழிலும் ஊரின் சீவியம். ஊரின் நடுநாயகம் புனித யாகப்பர் ஆலயம். ஜூலை 25 யாகப்பர் திருநாள். போர்த்துக்கேயர் சந்தியாகு என்று அழைத்த அந்தப் புனிதரைத் தமிழில் பாடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் மிகப் பழையது. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் ‘சந்தியோகுமையோர் அம்மானை’யைப் பாடியது 1647இல், யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போவதற்குப் பதினொரு ஆண்டு முன்பு. அம்மானையும் கூத்தும் கடலோரக் கத்தோலிக்கரிடம் வேதத்தை எடுத்துச் சென்ற இரண்டு வள்ளங்கள். எழுத்தறியாதவர்களும் அவற்றை வரி பிசகாமல் பாடினார்கள்.

கூத்துக்கு மூலம் கொப்பி. முன்பு ஏடு, பிறகு கொப்பி. புலவர் ஒருவர் புனிதர் வரலாற்றையோ அரச கதையையோ விருத்தமும் கொச்சகமும் தருவுமாகக் கட்டி எழுதிக் கொடுப்பார். அதைக் கூத்துப் பழக்குகிற ஆசானாகிய அண்ணாவியார் வாங்கிப் படிப்பார். நடிகர்களுக்கு அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுப்பார். பின்னர் பழக்கம் தொடங்கும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், தொழில் முடிந்த இரவுகளில் பழக்கம் நடக்கும். எழுத்து தட்டுப்பட்டு உருமாறுவது இந்த நாள்களில்தான்.

அந்த உருமாற்றத்தை ஓர் எடுத்துக்காட்டில் கிட்ட வைத்துப் பார்க்கலாம். புனிதர் ஒருவர் கப்பலேறி வடக்கே போகிறார் என்று புலவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். ‘வடக்கு’ என்று அடி தொடங்குவதால் மோனைக்கு இசைவாக ‘வாடை’ கப்பலைத் தள்ளியது என்று போட்டுவிட்டார். காதுக்கு இனிக்கிறது. பழக்கம் பார்த்துக்கொண்டு வேலியோரத்தில் குந்தியிருக்கிற ஒரு தொழிலாளி, “அண்ணாவியார், வடக்கை போறவனை வாடை எப்பிடித் தள்ளும்? முகத்திலையெல்லோ அடிக்கும்” என்பார். வாடை வடகிழக்கிலிருந்து வரும் காற்று என்பது அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். வாடையை எடுத்துவிட்டுத் தெற்கிலிருந்து வரும் சோளகத்தைப் போடலாமென்றால் வேறு சிக்கல். வாடை தேமா, சோளகம் கூவிளம். ஓசை மாறுகிறது, மோனை போய்விடுகிறது. பக்கப்பாட்டுக்காரர் இரண்டு தரம் பாடிப் பார்க்கிறார். மத்தளக்காரர் தட்டிப் பார்க்கிறார். கப்பலைத் திருப்புவதா, காற்றைத் திருப்புவதா? அடுத்த சொல்லைச் சுருக்கினால் சோளகம் இடங்கொள்ளும் என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். கொப்பியில் பழைய சொல்லின் மேல் ஒரு கோடு விழுகிறது.

இந்தச் சின்ன நிகழ்ச்சிக்குள் மூன்று காரியம் நடந்துவிட்டது. பிழை கண்டவர் இலக்கணம் படித்தவர் அல்லர், கடல் படித்தவர். அவர் சொன்னது புலவரின் புலமையைப் பற்றியல்ல, காற்றைப் பற்றி. அவர் பிழையைச் சொன்னபிறகு எழுந்து போகவும் இல்லை. மாற்றுச் சொல் அமையும்வரை எல்லாரோடும் இருந்து பாடிப் பார்த்தார். எழுதியவரின் முகம் வாடாமல் எழுத்துத் திருந்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காண்பது அரிது.

நடிகர்கள் சொல்லும் குறைகள் இன்னொரு வகை. அவை மூச்சிலிருந்து வருகின்றன. இங்கே ஆடப்படும் தென்மோடிக் கூத்தில் நடிகர் தாமே பாடி, தாமே ஆடவேண்டும். மேடையில் எட்டடி நடந்து திரும்பிப் பாடத் தொடங்கும்போது ஓரடியில் நெட்டுயிர்க்க இடமில்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். மேசையில் இருந்து எழுதிய புலவருக்கு அது தெரியவராது. “இந்தத் தருவிலை மூச்சு விட இடமில்லை” என்று நடிகர் சொல்லும்போது அது முறைப்பாடாக ஒலிப்பதில்லை. அந்த வரியை அவர்தான் ஊர் முன்னால் சுமக்கப்போகிறார். எழுத்தின் குறை அவருடைய தொண்டையின் குறையாகிவிடும். ஆகவே அவர் கவலையோடு சொல்கிறார், புலவரும் கவலையோடு கேட்கிறார்.

குருநகரில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த மனநிலை எளிதில் விளங்கும். நிழலில் குந்தியிருந்து, காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கண் கண்ணாகக் கைகளுக்குள்ளால் விட்டுக்கொண்டு போவார்கள். கிழிசல் கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் கை நிற்கும். வலை ஊசி அங்கேயே இறங்கும். கிழிந்த இடத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தொழிலில் இடமில்லை. எவ்வளவு பெரிய கிழிசல் என்று வியந்து பேசுவதற்கும் நேரமில்லை. விடிய வலை கடலில் கிடக்கவேண்டும்.

தமிழ்ப் படிப்பு மரபு இதை அறியாததல்ல. இலக்கணம் இதற்கு நேரடியாகவே இடம் வைத்திருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் எப்படிப் படிக்கிறான் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால்பங்கு புலமைதான் கிட்டும். இன்னொரு கால் உடன் படிப்பவரோடு பயில்வதால் வரும். மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறையும். ஆசிரியரின் பங்கும் சகபாடியின் பங்கும் சரிசமம்! எண்ணூறு ஆண்டு முன்பு பவணந்தி முனிவர் எழுதிவைத்த இந்தக் கணக்கு, குருகுலத்தில் எல்லாமே குருவின் வாயிலிருந்து வந்தது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதத் தகுந்தவர் யார் என்றும் அதே நூல் சொல்கிறது. நூலாசிரியரின் ஆசான், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணாக்கர், உரை எழுதியவர் என்று நாலு பேர். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருசாலையில் படித்தவர் என்பது உரையாசிரியர்கள் சொல்லும் செய்தி. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேள்வி எழுப்ப, தொல்காப்பியர் ஐயமற விடைசொல்லி நூலை அரங்கேற்றினார் என்பது அந்தப் பாயிரம் தரும் காட்சி. தமிழின் மிகப் பழைய இலக்கணம் ஒரு சகபாடியின் சொல்லோடு தொடங்குகிறது.

வகுப்பில் பக்கத்திலிருப்பவரின் கட்டுரையை எதைக்கொண்டு பார்ப்பது என்று தடுமாறுகிற மாணவருக்கும் நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. குற்றம் பத்து, அழகு பத்து. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல்... இவற்றில் ஒன்றுகூட எழுதியவரைப் பற்றிய சொல் அல்ல. எல்லாம் எழுத்தைப் பற்றியவை. ‘நீ கெட்டிக்காரன் இல்லை’ என்பதற்கும் ‘இது சென்று தேய்ந்து இறுகிறது’ என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவதைக் கேட்டவர் கொப்பியை மூடிவிடுவார். இரண்டாவதைக் கேட்டவர் கடைசிப் பந்தியைத் திரும்ப வாசிப்பார். குற்றத்துக்கு ஒரு பத்து வைத்தவர் அழகுக்கும் அதே அளவில் ஒரு பத்து வைத்ததையும் கவனிக்கவேண்டும். நல்லதைச் சொல்லவும் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் கருதியிருக்கிறார்.

மரபின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. வில்லிபுத்தூரார் தம்மிடம் வாதில் தோற்ற புலவர்களின் காதைத் துறட்டால் அறுத்தார் என்பது ஊரெல்லாம் வழங்கும் கதை. அருணகிரிநாதர்தாம் அதற்கு முடிவு கட்டினாராம். கதையாகவே இருக்கட்டும், பிழை கண்டால் காதைப் பறிப்பது என்ற ஆசை புலமை உலகில் எங்கோ இருந்ததால்தான் அப்படியொரு கதை பிறந்தது. கந்தபுராணம் காஞ்சியில் அரங்கேறியபோது முதற் பாட்டின் முதற் சொல்லிலேயே புணர்ச்சிக்கு விதி எங்கே என்று ஒருவர் எழுந்து மறித்தார், மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து காட்டியபிறகே நூல் நகர்ந்தது என்பது இன்னொரு கதை. கோயில்தோறும் கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையைக் கேளாதவர் குறைவு. இந்தக் கதையில் வேலை முடிந்தபிறகுதான் தடை எழுகிறது. நூல் முற்றாக எழுதப்பட்டாயிற்று, சபை கூடியாயிற்று, இனி விட்டுக்கொடுத்தால் தோல்வி. வெள்ளுடுப்பு என்ற ஓர் இரவு அங்கே இல்லை.

முடிந்தபிறகு வரும் தடை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நல்ல சான்று குருநகரிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே கிடைக்கிறது. 1826இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவல், பிறகு மத்திய கல்லூரியாக வளர்ந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர். வேதாகமத்தை நல்ல தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் பொறுப்பை ஏற்றபோது, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து அங்கேயே ஆசிரியராகிய நல்லூர் இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்த இளைஞர்தான் ஆறுமுகநாவலர். 1822இல் பிறந்தவர், மொழிபெயர்ப்பு வேலை தொடங்கும்போது இருபது வயதின் விளிம்பில் இருந்தார். 1848இல் பேர்சிவலை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கும்வரை அந்த வேலை நடந்தது. வேறு சமயம், வேறு தேசம், வயதிலும் இருபதாண்டு இடைவெளி. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து ஒரே வாக்கியத்தை உருட்டிப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தின் மிஷனரிமாரும் குழுவாக அதைப் பார்த்தார்கள்.

சென்னையில் இந்தத் தமிழுக்கு எதிர்ப்பு எழுந்ததாகவும், பேர்சிவலும் நாவலரும் கையெழுத்துப்பிரதியோடு கடல்கடந்து போனதாகவும், மழவை மகாலிங்கையர் அதைக் கேட்டு நல்ல தமிழ் என்று ஒப்புதல் கொடுத்ததாகவும் நாவலர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1850இல் அந்த வேதாகமம் சென்னையில் அச்சானது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே, பார்த்துக் கருத்துச் சொல்வதற்காக வெளியிட்ட தற்காலிகப் பதிப்பு என்ற பொருள் தரும். ஒரு முழு வேதாகமத்தையும் அச்சிட்டு, இது இன்னும் முடியவில்லை, குறை சொல்லுங்கள் என்று ஊரார் கையில் கொடுத்திருக்கிறார்கள். குறை வந்தது, மலையாக வந்தது. பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் தலைமுறைகளாகச் செபித்து வந்த தமிழ்க் கிறித்தவர்களுக்கு இந்தப் புதுத்தமிழ் நாவில் ஒட்டவில்லை. மூலத்தை விட்டு விலகுகிறது என்றார்கள், உயர்ந்த நடை என்றார்கள், பழகிய சொற்கள் போய்விட்டன என்றார்கள். பதிப்பு நிலைக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. ஹென்றி பவர் தலைமையில் சென்னையில் நடந்த திருத்தத்தில் தமிழ்ப் பண்டிதர் முத்தையாபிள்ளை துணையிருந்தார். பகுதி பகுதியாகத் திருத்தி, பல இடத்தவர் கருத்தையும் கேட்டு, யாழ்ப்பாணத்தார் எழுப்பிய மறுப்புகளுக்காக இரு பக்கத்துப் பிரதிநிதிகளும் முகம்பார்த்துப் பேசி, 1871இல் முழு வேதாகமம் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்ப் புரொட்டஸ்தாந்தரின் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பதிப்பின் வழிவந்த தமிழ்தான். 1850இன் தமிழை விட அது அழகான தமிழா என்பது வேறு கேள்வி. பலர் இல்லை என்றே சொல்வார்கள். பாடப்போகிறவர்களைப் பழக்கத்துக்கே கூப்பிட்டுவிட்டதால் அது பாடப்பட்டது.

பேர்சிவலை விட்டு வந்த நாவலரின் காலம் கண்டனங்களின் காலமும் ஆகிவிட்டது. 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’, பிறகு சென்னையில் இராமலிங்கர் பாடல்களை ஒட்டி எழுந்த அருட்பா மருட்பாப் பூசல் என்று அச்சு யந்திரம் ஓயாமல் ஓடியது. துண்டுப்பிரசுரத்துக்குப் பதில் துண்டுப்பிரசுரம். எதிராளியின் நூலில் வரி வரியாக வழு எடுத்துக் காட்டுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அதற்குள் கூர்மையான படிப்பும் தமிழ்நடைக்கு வந்த வலுவும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்துப் படித்த உலகம் விமர்சனம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் சற்று முறுக்கிக்கொண்டு நிற்பதற்கு அந்த ஐம்பது ஆண்டுப் பழக்கமும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது. வழு எடுப்பவர் அங்கே வெளியிலிருந்து வருகிறார். அவருடைய பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறது. அவர் எடுத்த வழுவைத் திருத்தி அதே நூலை நல்லதாக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை.

அதே நாவலர் இன்னொரு முகத்தோடும் நிற்கிறார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தபோது, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். அந்தக் காலத்து நூல்களின் முகப்புப் பக்கத்தில் ‘பரிசோதித்து’, ‘பார்வையிடப்பட்டு’ என்ற சொற்கள் அடிக்கடி வரும். ஒருவர் பதிப்பிக்க, மற்றவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்திக்கொடுக்க, இரண்டு பெயரும் ஒரே தாளில் ஏறும். பிழை பார்த்துத் தந்தவரின் உழைப்பை இவ்வளவு வெளிப்படையாக மதித்த ஒரு வழக்கம் பின்னாளில் எப்படியோ தேய்ந்துபோனது. இப்போது அது நன்றியுரையின் கடைசி வரியில், பத்துப் பெயர்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. இது வருந்தத்தக்க இழப்பு.

இருபதாம் நூற்றாண்டில் கதை வாசிகசாலைகளுக்கும் இளைஞர் கூட்டங்களுக்கும் நகர்கிறது. 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் தொடங்கியது. தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன், நாவற்குழியூர் நடராஜன், பஞ்சாட்சர சர்மா போன்றவர்கள் எழுதத் தொடங்கிய வயதினர். பின்னர் மஹாகவி என்று பெயரெடுத்த உருத்திரமூர்த்தியும் அந்தச் சூழலில் வளர்ந்தவர். 1946 முதல் 1948 வரை ‘மறுமலர்ச்சி’ அச்சில் வந்தது. அந்த நாள்களில் பள்ளிக்கூடங்களும் வாசிகசாலைகளும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தின. ஒரே ஒரு பிரதி. நல்ல கையெழுத்துள்ள ஒருவர் எழுதுவார், படம் கீறத் தெரிந்தவர் கீறுவார். அது கை மாறி மாறி வீடுவீடாகப் போகும். கடைசியில் சில தாள்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வாசித்தவர் தம் கருத்தை அங்கே எழுதவேண்டும். அடுத்ததாக வாசிக்கிறவர் கதையோடு அந்தக் கருத்தையும் வாசிப்பார். ஆகவே ஒருவர் தம் அபிப்பிராயத்தை எழுதும்போதே அது எழுதியவரின் தாயும் தம்பியும் வாசிக்கப்போகிற எழுத்து என்பதை அறிந்துதான் எழுதினார். அந்த அறிவு கையைக் கொஞ்சம் நிதானப்படுத்தும்.

1960களில் இடம் இன்னும் கிட்ட வருகிறது. கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். அங்கே கத்தரிக்கோல் பிடித்த டொமினிக் ஜீவா, ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சலூனே காரியாலயம். எழுதுகிறவர்கள் முடிவெட்டவும் வந்தார்கள், கதையைக் கொடுக்கவும் வந்தார்கள், பேசவும் வந்தார்கள். பட்டம் பெற்றவரும் படிப்பை இடையில் விட்டவரும் ஒரே வாங்கில் பக்கத்துப்பக்கம் இருந்தார்கள். யாழ்ப்பாணச் சாதி ஒழுங்கில் அந்த வாங்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்கத் தேவையில்லை. சமமாக இருந்து பேச முடியாதவர்களுக்கிடையில் எழுத்தைத் திருத்துவது நடக்காது; கட்டளையும் கீழ்ப்படிவும்தான் நடக்கும்.

அதே ஆண்டுகளில் கூத்துக் கொப்பி பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கூப்பிட்டு, மாணவர்களுக்கு ஆடப் பழக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1967) என்று மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது? கூத்தைத் தெரிந்த அண்ணாவியாருக்குப் புது மேடை தெரியாது. புது மேடை தெரிந்த பேராசிரியருக்குக் கால் அடவு தெரியாது. இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டாக வேண்டியிருந்தது. மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துகளை ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ என்று அச்சிட்டுக் காத்தவரும் அவரே.

பிறகு 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது. குழந்தை ம. சண்முகலிங்கமும் அ. தாசீசியஸும் அதற்குத் துணைநின்றார்கள். களப்பயிற்சி என்ற சொல் அங்கே பழகியது. எழுத்துப்பிரதி முடிந்த பண்டமாக வராமல், நடிகர்களோடு சேர்ந்து விளையாடி, உடைத்து, ஒட்டி உருவாகும். சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊரூராகப் போனது. நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு மேல்நாட்டு முன்னோடிகளைக் காட்டுவார்கள், அது சரிதான். ஆனால் ஒரு பிரதியை நடிகரின் உடம்பில் போட்டுப் பார்த்துத் திருத்துவது கரையோரத்தில் நெடுநாளாக இருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொப்பிகள் என்ன ஆயின? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் போயின. கூத்துக் கொப்பிகள் பெரும்பாலும் நூலகத்தில் இருக்கவில்லை. அண்ணாவிமார் வீட்டு றங்குப்பெட்டிகளில் கிடந்தன. போர் வந்தபோது வீட்டோடு அவையும் ஆபத்துக்குள் வந்தன. 1993 நவம்பர் 13 அன்று குருநகர் யாகப்பர் ஆலயத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. கோயிலுக்குள் உயிர்கள் போயின. 1995 ஒக்ரோபர் முடிவில் குடாநாட்டின் மேற்குப் பகுதி முழுவதும் ஒரே இரவில் கிழக்கே நடந்தது. அப்படி நடக்கிறவர் அரிசியை எடுப்பார், பிள்ளையை எடுப்பார், காணி உறுதியை எடுப்பார். கொப்பியை எடுத்தவர்களும் இருந்தார்கள். ஆலயம் திரும்பக் கட்டப்பட்டது. கூத்தும் திரும்ப ஆடப்படுகிறது. புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களிலும் கரையோர ஊர்ப் பிள்ளைகள் மேடை போட்டு ஆடுகிறார்கள்.

நாடகமும் அரங்கியலும் இப்போது பாடசாலைப் பாடம். கூத்தின் படிமுறைகள் பரீட்சைக்கு வருகின்றன. பிள்ளைகள் அண்ணாவியார், பழக்கம், வெள்ளுடுப்பு, அரங்கேற்றம் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். அதே வகுப்பில் தமிழ்ப் பாடநேரத்தில் ஆசிரியர் கட்டுரைக் கொப்பிகளை மாற்றிக்கொள்ளச் சொல்லும்போது, பக்கத்திலிருப்பவளின் எழுத்துப்பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டு, அடியில் ‘நன்று’ என்று எழுதித் திருப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு பாடவேளைக்கும் நடுவில் ஒரு மணி அடிப்பதைத் தவிர வேறு வேலி இல்லை.

பழைய கூத்துக் கொப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைத்தவர்கள் கவனித்திருப்பார்கள். தாள் மங்கி, ஓரம் பொடிந்து, கட்டு நூலில் தொங்கும். புலவரின் எழுத்து கறுப்பு மையில் நேராகப் போகும். ஒரு சொல்லின் மேல் கோடு. அதற்கு மேலே வேறொரு கையெழுத்தில், பென்சிலில், ஒரு மாற்றுச் சொல். அதையும் கோடு கிழித்து, பக்கத்து ஓரத்தில் நீல மையில் மூன்றாவது சொல். அந்தச் சொல்லை எழுதியவர் யாரென்று எங்கும் குறிப்பில்லை. அருகே ஒரு சின்னப் புள்ளி, பாடுகிறவர் அந்த இடத்தில் மூச்சு எடுக்கவேண்டும் என்பதற்காக.